மூன்றாவது காஜா

தான் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான் என்று தையல்காரர் கடைசிவரை சாதித்தார். பதவி உயர்வு ஆர்டர் கைக்கு வருவதற்கு முன்பே மனைவியின் போலீஸ் சட்டைத் தோளில் மூன்றாவது நட்சத்திரத்துக்குக் காஜா எடுத்துவிட்டார். மற்றதெல்லாம் தானாக வந்து சேர்ந்தவை என்பது அவர் கட்சி.

காஜா என்றால் ஓட்டைதான். ஆனால் ஓட்டை என்று சொன்னால் தையல்காரருக்குக் கோபம் வரும். துணியை வெட்டி, வெட்டிய ஓரம் பிரியாமல் சுற்றிலும் நூலால் கட்டி, பொத்தானோ நட்சத்திரத்தின் காலோ நுழையக் கண் திறந்துவிடுகிற வேலை அது. மிஷினில் செய்தால் ஒரு நிமிடம். அவர் கையால்தான் செய்வார். போட்ட தையலைப் பிரித்துவிடலாம், காஜாவைப் பிரிக்க முடியாது. வெட்டின துணி வெட்டினதுதான்.

கடை, காவல் நிலையத்துக்கு மூன்று தெரு தள்ளி, பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. ஒரு மிஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, ரசம் போன ஒரு கண்ணாடி, வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. சுவரில் ஒரு கடிகாரம், அது இருபது நிமிடம் முன்னால் ஓடும். சொன்ன நேரத்துக்குத் துணி கொடுக்கிற பழக்கம் அவரிடம் இல்லை. கடிகாரத்தைத் தள்ளிவைத்தால் நாமும் வேகமாக ஓடுவோம் என்று நினைத்துத்தான் அப்படிச் செய்தார். நாலே நாளில் மனசு அந்த இருபது நிமிடத்தைக் கழித்துப் பார்க்கப் பழகிவிட்டது. கடிகாரம்தான் பாவம், யாருக்கும் பிரயோஜனம் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் புதிதாக வேலைக்குச் சேர்ந்த கான்ஸ்டபிள் பெண் ஒருத்தி, கிடங்கில் கொடுத்த சீருடையைக் கையில் சுருட்டிக்கொண்டு இந்தக் கடைக்கு வந்தாள். ஆண்களுக்குத் தைத்தது. அந்தக் கால்சட்டைக்குள் இன்னொரு ஆளையும் குடிவைக்கலாம்.

"இதைப் போட்டுக்கிட்டுத் துரத்தினா திருடன் ஓட வேண்டியதே இல்லைங்க. நானே தடுக்கி விழுந்துருவேன்" என்றாள்.

அளவெடுக்கக் கூச்சப்பட்டு, டேப்பை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு இவர் சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவள் அளந்து சொல்லச் சொல்ல, இவர் சுவரைப் பார்த்தபடி எழுதினார். இடுப்பை இரண்டு அங்குலம் குறைத்துச் சொல்லிவிட்டாள். அந்த இரண்டு அங்குலத்தைச் சரிசெய்ய அவள் நாலு தடவை கடைக்கு வரவேண்டியிருந்தது. அதிலேயே கல்யாணப் பேச்சும் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்தச் சட்டையில் ஏறியது எல்லாம் அவர் ஊசி வழியாகத்தான் ஏறியது. துப்பாக்கியோடு வாசலில் பாரா நின்ற வருஷங்களில் வலது தோள் நைந்தது, உள்பக்கம் ஒட்டுக் கொடுத்தார். கையெழுத்து நன்றாயிருக்கிறது என்று ஸ்டேஷன் ரைட்டராக உட்காரவைத்தார்கள். அந்த ஆறு வருஷத்தில் வலது முழங்கை தேய்ந்தது. கையில் ஒரு பட்டை, இரண்டு, மூன்று. மகளை மடியில் போட்டுக்கொண்டு சட்டப் புத்தகம் படித்துப் பரீட்சை எழுதியதில் தோளில் முதல் நட்சத்திரம். எட்டு வருஷம் கழித்து இரண்டாவது. ஒரு காலத்தில் "ஏம்மா, நாலு டீ சொல்லு" என்றவர்கள் எழுந்து நின்று சல்யூட் வைத்தார்கள். ஊரே மேடம் மேடம் என்று கூப்பிட்டதில், கடையில் பேசும்போது தையல்காரரும் "மேடம் சாப்பிட வருவாங்க" என்றுதான் சொல்வார். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

இப்போது இன்ஸ்பெக்டர் பதவிக்கான பட்டியலில் மேடத்தின் பெயர் முதலில் இருக்கிறது என்று சேதி வந்திருந்தது. அந்த நிலையத்தின் பெரிய நாற்காலியில் இதுவரை ஒரு பெண்ணும் உட்கார்ந்ததில்லை. வியாழக்கிழமை மேலதிகாரி நேரில் வந்து பார்வையிடுவார், அது முடிந்ததும் ஆர்டர் என்றார்கள்.

அதற்கு முந்தின நாள், புதன்கிழமை மத்தியானம், பொடிசு கடைக்கு வந்தாள்.

பொடிசு நிலையத்தில் கான்ஸ்டபிள். பெயர் வைத்தவர் தையல்காரர்தான், அவ்வளவு சின்ன அளவில் அவர் சீருடை தைத்ததே இல்லை. முப்பது வயது, கல்யாணம் ஆகாதவள், படுத்த படுக்கையாய் ஒரு அம்மா.

"அண்ணே, மேடம் சட்டையை வாங்கிட்டு வரச் சொன்னாங்க. அப்படியே சந்தைத் தெரு ரவுண்டு போயிட்டு வான்னாங்க. குடுத்தீங்கன்னா ஓடிருவேன்."

"அஞ்சு நிமிஷம் உக்காரு."

"அஞ்சுன்னா உங்க அஞ்சா, ஊர் அஞ்சா?"

"உக்காருன்னா உக்காரேன்."

சட்டை தயாராகத்தான் இருந்தது. ஆனால் அப்போதுதான் அவருக்கு அந்த ஆசை வந்தது. ஆர்டர் வருகிற அன்றைக்கே நட்சத்திரத்தைக் குத்திக்கொண்டு போகட்டுமே, அதற்கும் இன்னொரு நாள் எதற்குக் கடைக்கு வரவேண்டும். இரண்டு தோளிலும் மூன்றாவது இடத்தை அளந்து குறித்து, கத்தியால் கீறி, நூலைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தார். புழுக்கமான நாள். விரல் வேர்த்து நூல் ஒட்டியது. ஒரு காஜா மனசுக்குப் பிடிக்காமல் ஓரத்தை மறுபடி கட்டினார். பொடிசு பெஞ்சில் உட்கார்ந்து தன் அம்மாவின் மருந்து மாத்திரைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிரே பள்ளிக்கூடத்தில் மூன்றரை மணி அடித்து, பிள்ளைகள் திமுதிமுவென்று வெளியே வந்தார்கள்.

"ஐயையோ, மூணரை ஆயிடுச்சா" என்று சட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினாள்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்தில், சரியாகச் சொன்னால் மூன்றேகால் மணிக்கு, சந்தைத் தெரு மருந்துக் கடையில் இரண்டு பேர் புகுந்து கடைக்காரரை அடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அரைமணி நேரம் அவர் ரத்தத்தில் கிடந்திருக்கிறார். உயிர் பிழைத்துக்கொண்டார், வலது கை இனிமேல் விளங்காது என்றார்கள்.

நிலையத்து டைரியில் மூன்றிலிருந்து மூன்றரை வரை சந்தைத் தெருவில் ரோந்து என்று எழுதியிருந்தது. "தெரு முழுக்கச் சுற்றி வந்தேன். குறிப்பிடும்படி ஒன்றுமில்லை." கீழே பொடிசின் கையெழுத்து. அதற்கும் கீழே மேடத்தின் கையெழுத்து.

இது எப்படி என்று வெளியாள் விழிப்பான், நிலையத்தில் யாரும் விழிக்கமாட்டார்கள். ரைட்டர் இரண்டு மணிக்குக் கோர்ட்டுக்குப் போகவேண்டும். ஆகவே மத்தியான ரவுண்டை அவர் போகும் முன்பே எழுதி, கையெழுத்தும் வாங்கிவிடுவார். ரவுண்டு பிறகு நடக்கும். இந்த வழக்கத்தை ஆரம்பித்தது மேடம்தான். ரைட்டராக இருந்தபோது, இரண்டு மணிக்கு வீட்டுக்கு ஓடிப்போய்க் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு வரவேண்டும் என்பதற்காக எழுதிவைத்துவிட்டுப் போக ஆரம்பித்தாள் அந்தத் தாய். குழந்தை வளர்ந்து கல்லூரிக்கே போய்விட்டது. வழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது, அந்த வாக்கியமும் மாறவில்லை.

வியாழக்கிழமை பார்வையிட வந்த மேலதிகாரி வேறொரு வேலையும் பார்த்துவிட்டுப் போனார். பொடிசைச் சஸ்பெண்ட் செய்து, விசாரணைக்கு ஆள் போட்டார். மேடத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கீழே இருப்பவளை நம்பிக் கையெழுத்துப் போட்டதில் என்ன குற்றம் என்று மேலிடத்தில் அவர்களே பேசிக்கொண்டார்கள்.

விசாரணை அடுத்த வெள்ளிக்கிழமை. நடுவில் ஒரு வாரம் இருந்தது. அந்த ஒரு வாரமும் மேடம் வீட்டில் பேசியதை ஒரு தீப்பெட்டியில் அடைத்துவிடலாம். செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போதுதான் வாயைத் திறந்தார்.

"அன்னைக்குப் பொடிசு எத்தனை மணிக்குக் கடைக்கு வந்தா?"

"ரெண்டே முக்கால் இருக்கும்."

"இருக்குமா, இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"போனது?"

"மூணரை தாண்டி."

"எதைப் பார்த்துச் சொல்றீங்க?"

"கடிகாரத்தைப் பார்த்துத்தான். பின்ன பருப்பைப் பார்த்தா சொல்லுவாங்க?"

மேடம் சிரிக்கவில்லை. "அது இருபது நிமிஷம் முன்னாடி ஓடும்ல?"

"ஓடும்."

"அப்ப அது மூணரை காட்டினா நிஜத்துல மூணு பத்து."

"நான் கழிச்சுட்டுத்தான் சொல்றேன்."

"கழிச்சது ஞாபகம் இருக்கா, இல்ல பழக்கத்துல சொல்றீங்களா?"

"போன மாசம் பேட்டரி போட்டப்ப நான் அதைச் சரிபண்ணி வெச்சேனே" என்றாள் மகள்.

"நான் மறுபடி தள்ளி வெச்சேன்" என்றார் தையல்காரர்.

"எப்ப?"

"எப்பன்னா... வெச்சேன். வெச்சேன்னுதான் நினைக்கிறேன்."

"அப்பா, பேசாம ஒரு வக்கீலை வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மேடம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "நாளைக்கு யாராவது கேட்டா உறுதியா எதைச் சொல்லுவீங்க?" என்று தட்டைப் பார்த்துக் கேட்டார்.

பள்ளிக்கூட மணி தையல்காரருக்கு நினைவு வந்தது. அது கடிகாரத்தைப் போல இல்லை, ஒரு நாளும் பொய் சொல்லாது. வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டார். இவள் எதற்குக் கடிகாரத்தையே பிடித்துக்கொண்டு தொங்குகிறாள்? மூணரை வேண்டாம், மூணு பத்து என்று சொல், அதுவும் வேண்டாம், இன்னும் முன்னால் என்று சொல் என்கிறாளா? நேராகச் சொல்ல முடியாமல் சுற்றி வளைக்கிறாளா? இருபத்து மூன்று வருஷம் சேர்ந்து வாழ்ந்தவளின் மனசு தெரியவில்லை என்பதில் அவருக்கே வெட்கமாக இருந்தது. கேட்கவும் பயமாக இருந்தது.

மறுநாள் மழையில் நனைந்துகொண்டு பொடிசு கடைக்கு வந்தாள். சாதாரண உடையில் இன்னும் பொடிசாகத் தெரிந்தாள்.

"என் கால்சட்டை ஒண்ணு இடுப்புப் பிடிக்கக் குடுத்திருந்தேனே அண்ணே, ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு. இப்ப எதுக்கும்மா அது?"

"வேலை இருக்கோ இல்லையோ, தைச்சது வீணாப் போகக்கூடாதுல்ல."

அவர் துணியைத் தேடி எடுக்க நேரமானது. கண் சரியாகத் தெரியவில்லை.

"என்ன எழுதிக் குடுத்த?" என்று கேட்டார்.

"என் சொந்த வேலையா உங்க கடைக்கு வந்தேன்னு எழுதிக் குடுத்துட்டேன். இந்தக் கால்சட்டை விஷயமா வந்தேன்னு."

"மேடம் அனுப்பினாங்கன்னு சொல்ல வேண்டியதுதானே."

"சொன்னா ஆர்டர் நின்னுரும். அது நின்னா, பொம்பளைய உக்காரவெச்சா இப்படித்தான்னு ஆளாளுக்குப் பேசுவாங்க. அடுத்து எங்க யாரையும் கிட்டயே சேர்க்கமாட்டாங்க." கால்சட்டையை மடித்து மார்போடு வைத்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணு அண்ணே. வேலையை விட்டே அனுப்பிருவாங்கன்னு சொல்றாங்க. அம்மாகிட்ட லீவுன்னு சொல்லிருக்கேன். மேடம் என்ன நினைக்கிறாங்கன்னு உங்களுக்காவது தெரியுமா?"

"எனக்கு எங்கேம்மா தெரியும்" என்றார் தையல்காரர். அது சத்தியமான வார்த்தை.

அவள் போனபிறகு அவரால் ஒரு தையல் நேராகப் போட முடியவில்லை. மேடத்தைக் காப்பாற்றினால் இந்தப் பெண் போய்விடுவாள். இவளைக் காப்பாற்றினால் இருபத்து நாலு வருஷம் வீணாகிவிடும். அந்த நாற்காலிக்காக அவள் பட்ட பாடு அவருக்கல்லவா தெரியும். நனைந்த சட்டையோடு பாரா நின்றுவிட்டு வந்து காய்ச்சலில் கிடந்தவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவர் அவர். யோசித்து யோசித்து, கடைசியில் இரண்டு பேரையும் காப்பாற்ற ஒரு வழி கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தார். பொடிசு சீக்கிரமே கடையைவிட்டுக் கிளம்பிவிட்டாள், ரவுண்டு போனாள் என்று சொல்லிவிட்டால் போதும். டைரி நிஜமாகிவிடும். டைரி நிஜமானால் யார்மேலும் குற்றம் இல்லை. மேடம் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டதும் இதைத்தான் என்று அவருக்கு இப்போது உறுதியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மேடம் எட்டரைக்கே கிளம்பிப் போய்விட்டார். பதினொரு மணிக்குத் தையல்காரரைக் கூப்பிட்டார்கள். விசாரணை அதிகாரி கண்ணாடி போட்ட, சளி பிடித்த மனிதர். கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் மூக்கைச் சிந்தினார்.

"அந்தப் பொண்ணு எத்தனை மணிக்குப் போச்சு?"

"மூணுக்குக் கிளம்பிடுச்சு சார்."

"எப்படித் தெரியும்?"

"கடிகாரம் பார்த்தேன் சார். கடிகாரம் மூணு இருபது. அது இருபது நிமிஷம் முன்னாடி ஓடும். கழிச்சா மூணு."

"நல்லாத் தெரியுமா?"

"என் கடிகாரம் சார்."

அதிகாரி எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடினார். "ஆக, சம்பவம் நடந்த மூணேகாலுக்கு அது சந்தைத் தெருவுலதான் இருந்திருக்கு. ஒருத்தன் அடிபட்டுக் கிடக்கிறதைப் பார்த்துட்டும் ஒண்ணுமில்லைன்னு வந்திருக்கு. சரி, நீங்க போகலாம்."

இதைத் தையல்காரர் யோசிக்கவே இல்லை. எழுந்து வெளியே வந்துவிட்டார்.

நடைவழிப் பெஞ்சில் மேடம் உட்கார்ந்திருந்தார். சீருடையில் இருந்தார். தள்ளி, கடைசிப் பெஞ்சில் பொடிசு.

"என்ன சொன்னீங்க?" என்று மேடம் மெதுவாகக் கேட்டார்.

"நீ சொன்னதைத்தான் சொன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"கடிகாரம். மூணுக்கே போயிட்டான்னு சொல்லிட்டேன்."

மேடம் அவர் பக்கம் திரும்பினார். "நான் காலையில ஒம்பது மணிக்கே எழுதிக் குடுத்துட்டேங்க. நான்தான் சட்டை வாங்க அனுப்பினேன், மூணரை வரைக்கும் அவ உங்க கடையிலதான் இருந்தா, டைரி முன்னாடியே எழுதினதுன்னு."

"அப்புறம் எதுக்கு அத்தனை தடவை கடிகாரத்தைக் கேட்ட?"

"நேரத்தைச் சரியா எழுதணும்னு கேட்டேன். இத்தனை வருஷத்துல முதல் தடவையா, நடந்தது நடந்தபடி எழுதலாம்னு உக்கார்ந்தேன். அதுலயும் தப்பு வந்துரக்கூடாதேன்னு கேட்டேன்."

"அதை வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீங்க வேணாம்பீங்க. நீங்க வேணாம்னா நான் நின்னுருவேன். எனக்கே பாதி மனசு வேணாம்னுதான் சொல்லிச்சு." குரல் இறங்கியது. "இப்பவும் எனக்கு ஒண்ணும் புரியலைங்க. செஞ்சது சரியா, தப்பான்னு."

தையல்காரர் பெஞ்சின் அந்தக் கோடியைப் பார்த்தார். பொடிசு எதுவும் தெரியாமல் இவர்களைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள்.

"வா" என்று மனைவியைக் கூட்டிக்கொண்டு அவர் மறுபடி உள்ளே போனார்.

அதிகாரிக்குக் கோபம். "உங்க சம்சாரம் காலையில எழுதினது ஒண்ணு, நீங்க வந்து சொன்னது ஒண்ணு, இப்பப் பத்து நிமிஷத்துல மாத்திச் சொல்றீங்க. வெளியில உங்க சம்சாரத்தைப் பார்த்துட்டு வந்து சொல்றீங்க. இதை எப்படிய்யா நான் நம்புறது? உங்க கடிகாரத்தை நம்புறதா, உங்களை நம்புறதா?"

"பள்ளிக்கூட மணி அடிச்சுது சார். மூணரை மணி. அதுக்கப்புறம்தான் அவ போனா."

"மணி தினமும்தான் அடிக்குது. தைச்ச சட்டையை வாங்கிட்டுப் போறதுக்கு முக்கால் மணி நேரமா? அவ்வளவு நேரம் அந்தப் பொண்ணு அங்க என்ன பண்ணிச்சு?"

"அவ ஒண்ணும் பண்ணல சார். நான்தான் உக்காரவெச்சேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "மூணாவது நட்சத்திரத்துக்குக் காஜா எடுத்துக்கிட்டிருந்தேன்."

அதிகாரிக்குப் புரியவில்லை. தையல்காரர் மனைவியின் தோளைக் காட்டினார். அதிகாரி எழுந்து வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். இரண்டு நட்சத்திரம், அவற்றை அடுத்து, துணியின் நிறத்திலேயே நூல் கட்டிய சின்னக் கண் ஒன்று, காலியாக இருந்தது. அந்தப் பக்கத் தோளிலும் போய்ப் பார்த்தார்.

"கையாலயா?"

"கையாலதான் சார். ஒண்ணுக்கு இருபது நிமிஷம். இடது பக்கம் ஓரம் சரியா வரல, மறுபடி கட்டினேன், பாருங்க தடிப்பா இருக்கும்."

அதிகாரி விரலால் தடவிப் பார்த்தார். "ஆர்டர் வர்றதுக்கு முன்னாடியேவா?"

மேடம் தலையை நிமிர்த்தி நேராக நின்றார். கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. தையல்காரர்தான் பதில் சொன்னார்.

"எங்க வீட்டுல எல்லாத்தையும் முன்னாடியே முடிச்சு வெச்சுருவோம் சார். ரெண்டு பேருக்கும் அதான் பழக்கம்."

அதிகாரி நாற்காலிக்குத் திரும்பி, முதலில் எழுதின தாளின் குறுக்கே ஒரு கோடு போட்டார். புதுத்தாள் ஒன்றைத் தையல்காரர் பக்கம் நகர்த்தி, "உங்க கையாலயே எழுதுங்க, நடந்ததை மட்டும்" என்றார். மனைவி எழுதி எழுதியே மேலே வந்தவள். இவருக்கு அளவுகளைத் தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை. நாலு வரி எழுத அரைமணி ஆனது.

மருந்துக் கடைக்காரரின் கை அதனால் சரியாகிவிடவில்லை. பொடிசு பதினைந்து நாளில் வேலைக்குத் திரும்பினாள், அவளுக்கும் எச்சரிக்கை ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். மேடத்தின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். மறுபடி எப்போது சேர்ப்பார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை, கேட்டால் பார்க்கலாம் என்றார்கள். அந்த நாற்காலியில் வெளியிலிருந்து வந்த ஒருவர் உட்கார்ந்தார். மேடம் தினமும் காலையில் அவருக்குச் சல்யூட் வைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தையல்காரர் அந்தச் சட்டையைக் கடைக்கு எடுத்துப் போகிறேன் என்று மடித்து வைத்தார்.

"எதுக்கு?" என்றார் மேடம்.

"தோள்பட்டியைப் புதுசா வெட்டிப் போட்டுடறேன். அரைமணி வேலை. பார்க்கிறவங்க ஏதாவது பேசுவாங்க."

"பேசுறாங்கதான். நேத்துப் புது ரைட்டர் கேட்டான், மேடம், ஒண்ணு விழுந்துடுச்சான்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. ரெண்டு மணிக்கு டைரியைக் கொண்டாந்து நீட்டினான். போய் சுத்திட்டு வந்து எழுதுங்கன்னு திருப்பிக் குடுத்துட்டேன்." அவர் கையிலிருந்து சட்டையை வாங்கி, கொடியில் மாட்டி, காலியாக இருந்த அந்த இடத்தைக் கட்டைவிரலால் நீவிவிட்டார். "நல்லாத்தாங்க எடுத்திருக்கீங்க. இருக்கட்டும், அடைச்சுடாதீங்க."